கொடிக்கயிறு

சட்டையில் கொடி குத்தியிருக்கிறீர்களே, எங்கே விழா என்று கேட்டீர்கள். எங்கும் இல்லை, ஐயா. விடியற்காலையில் பழக்கத்தினால் குத்திக்கொண்டேன். குத்திக்கொண்ட பிறகுதான், இன்று நான் குடியரசு நாள் விழாவுக்குப் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கழற்ற மனம் வரவில்லை. ஊசியை எடுத்தால் துணியில் துளை தெரியும்.

உட்காருங்கள், உட்காருங்கள், பேருந்து குலுங்குகிறது. பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். இல்லை, கனமே இல்லை. உள்ளே இருப்பது துணிதான்.

தங்களுக்கு எந்த ஊர்? விருதுநகரா? அப்படியானால் இந்தப் பக்கத்தில் யாரையும் தெரியாதல்லவா? மிகவும் நல்லது. தெரிந்தவர் என்றால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். நான் பேசுவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். முப்பத்துமூன்று ஆண்டுகள் வகுப்பறையில் பேசிப் பேசி நாக்கு இப்படியே நின்றுவிட்டது. கறிவேப்பிலை வாங்கப் போனாலும் எழுவாய், பயனிலை வைத்துத்தான் கேட்பேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

என் பெயர் ஏகாம்பரம். நொச்சித்தாங்கல் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியன். கடைசியில் தலைமையாசிரியனாக ஓய்வுபெற்றேன். பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தில் வேப்பங்காயாகக் கசப்பது குடிமையியல். எனக்கோ அதுதான் உயிர். அரசியலமைப்பை நான் புத்தகத்தை வைத்து நடத்தியதே இல்லை. எங்கள் ஊர் ஏரியை வைத்து நடத்துவேன்.

"ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. எந்த வயலுக்கு எந்த நாளில் முறை என்று விதிப்பது யார்? மதகைத் திறப்பது யார்? தகராறு வந்தால் தீர்ப்பது யார்? மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?"

"அவன் வயலுக்கே பாய்ச்சிக்குவான் சார்!" என்று வகுப்பே கத்தும்.

அவ்வளவுதான், ஐயா. விதிக்க ஓர் அவை, நடத்த ஓர் அரசு, தீர்க்க ஒரு நீதிமன்றம். மூன்றுக்கும் நடுவே வரப்பு. அந்த வரப்புகளை எழுதிவைத்த நூல்தான் அரசியலமைப்பு. வாய்ச்சொல்லாக விட்டுவைத்தால் வலுத்தவன் ஆண்டுக்கு ஒரு சாண் வரப்பை வெட்டிக்கொள்வான். அதனால்தான் எழுதினார்கள். இதைச் சொல்லிவிட்டு இன்னொரு கேள்வி கேட்பேன். "கடைமடையில் சில வயல்கள் இருக்கின்றன. மேல்மடைக்காரர்கள் எல்லோரும் கூடி, கடைமடைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று கை தூக்கிவிடுகிறார்கள். பெரும்பான்மை முடிவு. செல்லுமா, செல்லாதா?"

வகுப்பு விழிக்கும். ஓர் ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் எழுந்தாள். "செல்லாது சார். எத்தினி கை தூக்கினாலும் செல்லாது."

ஏன் என்று கேட்டேன். "தண்ணி அவங்க குடுத்தது இல்லையே சார், எடுத்துக்கிறதுக்கு?" என்றாள்.

எத்தனை கைகள் உயர்ந்தாலும் எடுத்துக்கொள்ள முடியாதவை சில உண்டு. அடிப்படை உரிமைகள் என்பவை அவைதாம். இதைப் புரியவைக்க நான் இரண்டு பாடவேளை எடுத்துக்கொள்வது வழக்கம். அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அன்று அவளை மேடைக்கு அழைத்து, வகுப்பையே கைதட்டச் சொன்னேன். பெயர் எழிலரசி.

எழிலரசிதான் இப்போது எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர். காலனிப் பெண். அதாவது... தங்களுக்குப் புரியும். நான் அந்தச் சொற்களையெல்லாம் பயன்படுத்துவதில்லை. எனக்கு அவற்றில் நம்பிக்கை கிடையாது. 'அந்தப் பக்கம்' என்றுதான் சொல்வேன்.

டெல்லியில் இருக்கும் அரசைப் போலவே ஊராட்சிக்கும் அரசியலமைப்பில் இடம் உண்டு, ஐயா. பலருக்கு இது தெரியாது. தலைவர் பதவியைச் சுழற்சி முறையில் ஒதுக்கவேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. அப்படி இந்த முறை எங்கள் ஊருக்குப் பட்டியலினப் பெண் என்று வந்தது. அவள் நின்றாள், வென்றாள். எனக்கு எவ்வளவு பெருமை என்கிறீர்கள்! என் மாணவி அல்லவா?

அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் தலைவராக இருந்தவர் துரைக்கண்ணு. இப்போது துணைத் தலைவர். ஊர்த்தெருவில் பெரிய வீடு, நெல் அறுக்கும் இயந்திரம், நல்ல செல்வாக்கு. கல்வியை மதிக்கும் மனிதர். எழிலரசி பதவியேற்ற ஆண்டு, குடியரசு நாளுக்கு முந்தைய மாலை என் வீட்டுக்கு வந்தார். வாழைத்தார் ஒன்று, துண்டு ஒன்று. "சார், கட்சி, பதவி எல்லாம் நாலு நாளைக்கு. படிப்புதான் நெலையானது. நம்மூர்ல இனிமே நீங்கதான் கொடியேத்தணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆமாம், அதற்கு முன்பு அவரேதான் ஏற்றினார். பத்து ஆண்டுகளும் அவரேதான். என்னை அழைத்ததில்லை. நான் பின்வரிசையில் நாற்காலியில் இருப்பேன். அதனாலென்ன? மனிதனுக்குப் பக்குவம் எப்போது வரும் என்று யார் சொல்லமுடியும்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, கேளுங்கள். ஊராட்சி மன்றத்துக் கொடி அன்று முதல் என் வீட்டில்தான் இருக்கிறது. துவைப்பது, தேய்ப்பது, மடிப்பது எல்லாம் நான்தான். சுதந்திர நாளில் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றவேண்டும். குடியரசு நாளில் அப்படியன்று. சாமந்தி இதழ்களை உள்ளே வைத்து மடித்து, உருவுமுடிச்சுப் போட்டு, முன்கூட்டியே கம்பத்தின் உச்சியில் கட்டிவைக்கவேண்டும். கயிற்றை ஒரே இழு. கொடி விரியும், பூச்சொரியும். முடிச்சு தவறினால் மூட்டை போலத் தொங்கும், ஊர் சிரிக்கும். நான் கட்டிய முடிச்சு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

நான் கயிற்றை இழுப்பேன். பிறகு அரை மணி நேரம் பேசுவேன். சமத்துவம், சகோதரத்துவம், தனிமனிதரின் மாண்பு. எழிலரசி என் பக்கத்தில் மிட்டாய்த் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பாள். "நம் தலைவி அடக்கத்தின் வடிவம்" என்று ஒரு முறை மேடையில் பாராட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டு கையில் இருந்ததால் அவளால் கும்பிட முடியவில்லை.

சற்றுப் பொறுங்கள், நடத்துநர் வருகிறார். திருவண்ணாமலை ஒன்று. கேட்டீர்களா, என்ன சொல்கிறார் என்று? "என்னா வாத்தியாரே, ஊர்ல கம்பம் உங்களுக்காக நிக்குது, நீங்க இங்க நம்ம வண்டியில குந்திக்கினு இருக்கீங்க? பொண்ணு பாக்கப் போறீங்களா?" இவர் பக்கத்து ஊர். என்னிடம் படித்தவர் அல்லர். படித்திருந்தால் இப்படிப் பேசமாட்டார்.

கண் மருத்துவமனைக்குப் போகிறேன் என்று அவரிடம் சொன்னது பொய். காலையில் மனைவியிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் மாவு கரைத்த கையோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, இன்னிக்கு அரசாங்க லீவு. சட்டையில கொடியக் குத்திக்கினு எந்தக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறீங்க?" என்றாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். இட்லியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

இந்த வாரத் தொடக்கத்தில் எழிலரசி என் வீட்டுக்கு வந்தாள், ஐயா. அதிலிருந்துதான் எனக்கு உறக்கமில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். நான் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. நாற்காலி கதவுக்கு உள்ளே இருந்தது என்பது உண்மைதான்.

"சார், இதுதான் எனக்குக் கடைசி குடியரசு தினம். பதவிக்காலம் முடியுது."

"ஆமாம் அம்மா. நன்றாகச் செய்தாய். சாலை போட்டாய், தொட்டி கட்டினாய்."

"ஒரே ஒரு உதவி சார். துணைத்தலைவரு உங்க கையில கயித்தக் குடுப்பாரு இல்ல? வாங்கி என் கையில குடுத்துடுங்க. அவ்ளோதான். நீங்க ஒண்ணும் பேசக்கூட வேணாம்."

எனக்கு வியப்பாக இருந்தது. "அதற்கு நான் எதற்கு? நீ தலைவர். முன்னால் வந்து நீயே எடுத்துக்கொள்ளலாமே. உனக்கு உரிமை இருக்கிறது" என்றேன்.

"உரிமை இருக்குதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க? மொத வருஷம் கைய நீட்டினேன். 'ஏம்மா, உங்க வாத்தியாரு இருக்கையில உனக்கு என்னா அவசரம்?'னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க சார்."

நான் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. பொதுவாக நான் சிரிக்கும் ஆள் இல்லை.

மேலதிகாரிகளிடம் சொல்லலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "சொல்லலாம் சார். போலீஸ் வரும். அவங்க காவலுக்கு நிக்க நான் ஏத்துவேன். வண்டி கெளம்பிப் போனதும் எங்க சனத்துக்கு ஊருக்குள்ள நடவு வேலை நின்னுடும். சொசைட்டில எங்க பாலுக்கு மட்டும் தண்ணி அதிகம்பாங்க. நீங்க குடுத்தா அப்படி இல்ல. வாத்தியாரு குடுத்தாரு, அந்தப் பொண்ணு வாங்கிக்கிச்சுன்னு மரியாதையாப் போயிடும். எங்கப்பா வருஷா வருஷம் அந்தப் புளியமரத்தாண்ட வந்து நிக்கிறாரு சார். இந்தத் தடவையாவது பாத்துடணும்னு ஆசைப்படுறாரு."

அவள் கேட்டது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒரு கயிறு. அவ்வளவுதான். நான் "பார்க்கலாம்" என்றேன். வகுப்பில் அந்தச் சொல்லை எவன் சொன்னாலும் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன். செய்வேன் என்று சொல், மாட்டேன் என்று சொல், பார்க்கலாம் என்பது என்ன விடை என்று கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஆம், வெளியே நின்றவள்தான். இருந்தாலும் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

மறுநாளே துரைக்கண்ணு வந்தார். அவர் நாற்காலியில் அமர்ந்து காபி குடித்தார்.

"அந்தப் பொண்ணு வந்துட்டுப் போச்சாமே சார்?"

"வந்தாள்."

"நல்ல பொண்ணுதான், நான் ஒண்ணும் கொறை சொல்லல. எங்க காட்டினாலும் கையெழுத்துப் போடுது. யாரோ கெளப்பி வுடுறாங்க. படிச்சவங்களுக்கு நான் என்னா சொல்றது? கயிறு உங்க கைக்கு வந்துடும். அதுக்கப்புறம் நீங்க என்னா செய்யிறீங்கன்னு ஊரே பாத்துக்கினு இருக்கும்." எழுந்தவர் வாசலில் நின்றார். "ஆமா, உங்க பையன் கட்டுற வூட்டுக்கு ஜல்லி லாரி எங்க சித்தப்பா நெலத்து வழியாத்தான வருது? வரட்டும், வரட்டும். இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலியே."

மிரட்டல் என்று சொல்லமுடியுமா அதை? ஒரு வார்த்தை தப்பாக இல்லையே.

பிறகு நான் அரசியலமைப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊராட்சி அலுவலகத்தில் கயிற்றை இழுக்கவேண்டியவர் யார் என்று எந்தப் பிரிவிலாவது இருக்கிறதா என்று தேடினேன். பக்கம் பக்கமாகத் தேடினேன். எங்கும் இல்லை. எனக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது, ஐயா. சட்டம் எதுவும் மீறப்படவில்லை! பதினான்காம் பிரிவைப் படித்தேன். சட்டத்தின் முன் எல்லோரும் சமம். அவளைச் சமமில்லை என்று யாரும் சொல்லவில்லையே. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்னும் பதினேழாம் பிரிவு வந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மனப்பாடமாகத் தெரிந்ததை மறுபடியும் படிப்பானேன்?

கயிற்றை அவளிடம் கொடுத்தால் ஊருக்கு நான் ஆகாதவன். கொடுக்காமல் நானே இழுத்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஆகவே நடுநிலை வகித்தேன். இன்று ஊரிலேயே இல்லாமல் போய்விடுவது என்று முடிவு செய்தேன். யாருக்கும் வெற்றியில்லை, யாருக்கும் தோல்வியில்லை.

பையைப் பார்க்கிறீர்கள். சரி. தங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஊராட்சிக் கொடி இதில்தான் இருக்கிறது. நேற்று மாலை தேய்த்து, இதழ்களை வைத்து, முடிச்சுக்கூடப் போட்டுவிட்டேன். ஏன் எடுத்து வந்தேன் என்றால், கொடி இல்லையென்றால் விழா தள்ளிப்போகும். தள்ளிப்போனால்...

என்ன கேட்டீர்கள்? அப்படியானால் அந்தப் பெண் வெறும் கம்பத்தின் முன்னால்தானே நிற்பாள் என்றா?

நான் அதை நினைக்கவில்லை. உண்மையாகவே நினைக்கவில்லை, ஐயா. துரைக்கண்ணு நிற்பதை நினைத்தேன். கூட்டம் என்னைத் தேடுவதை நினைத்தேன். அவள் நிற்பதை நினைக்கவில்லை.

கொஞ்சம் இருங்கள், தொலைபேசி. மனைவி.

...

ஜன்னலை மூடவேண்டாம், காற்று வரட்டும். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "துரைக்கண்ணு ஆளுங்க கொடி கேட்டு வந்தாங்க. நீங்க எடுத்துக்கினு போயிட்டீங்கன்னேன். சிரிக்கிறாங்க. 'கொடி கெடக்குது. அந்தப் பொண்ணு போஸ்டாபீசுல புதுசு ஒண்ணு வாங்கி வந்திருக்குது, தண்ணி டேங்க் ஆபரேட்டரு கட்டி உச்சிக்கு ஏத்திட்டாரு. இழுக்கத்தான் ஆள் வேணும்'னு சொல்லிட்டு, மாட்டு டாக்டரைக் கூட்டியாரப் பைக்கில போயிருக்காங்க."

மாட்டு டாக்டர். தை பிறந்த பிறகுதான் பணிக்கு வந்தார். வெளியூர்க்காரர். எங்கள் ஊரில் எத்தனை தெருக்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. நல்ல மனிதர்தான், ஆனால்... அவருக்கும் வாழைத்தார் கொடுத்திருப்பார்களா? படிப்புதான் நிலையானது என்று சொல்லியிருப்பார்களா?

ஐந்து ஆண்டுகள், ஐயா. என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது அவளுடையதல்லாத ஒரு கை. அது எந்தக் கையாக இருந்தால் என்ன?

மனைவி இன்னொன்றும் சொன்னாள். "அந்தப் பொண்ணு புதுப்புடவை கட்டிக்கினு கம்பத்துக்கிட்ட நிக்குது. எங்க சார் வருவாரு, எட்டு மணி வரைக்கும் இருங்கன்னு எல்லார் கிட்டயும் சொல்லிக்கினு இருக்குது" என்றாள். பிறகு, "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டுரோட்டில் இறங்கிவிடுகிறேன். எதிரில் ஊருக்குப் போகும் வண்டி ஏதாவது கிடைக்கும். பையைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள்... நடத்துநரே, கூட்டுரோடு! ... ஏன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? படிக்கட்டு உயரம். எனக்கு வலது முழங்காலில் தேய்மானம். எதிர் வண்டி எட்டரைக்குத்தான் என்கிறார் இவர். எட்டரைக்கு ஏறி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது? ஆட்டோ? ஆட்டோக்கள் இரண்டு மூன்று நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் விடுமுறை நாளில் ஓட்டுநர்கள் இருப்பார்களா என்று... இல்லை, நீங்கள் விசில் கொடுங்கள், நடத்துநரே. போகலாம். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏதாவது சொல்லுங்கள்.

ஏன் நிறுத்திவிட்டார்? ஓ, பள்ளிக்கூடம். பிள்ளைகள் வரிசையாகச் சாலையைக் கடந்து திடலுக்குப் போகிறார்கள். ஓட்டுநர் நல்லவர், எஞ்சினையே அணைத்துவிட்டார். எவ்வளவு அமைதி! ஆசிரியை ஒருத்தி வரிசையைச் சரிசெய்வது இங்கே கேட்கிறது. முகவுரையைச் சொல்கிறார்கள், கேளுங்கள். 'இறையாண்மை' என்பதில் ரகரம் போடுகிறான் அந்தக் கடைசிப் பையன். திருத்த ஆளில்லை போலும்.

மறுபடியும் தொலைபேசி. இது... எழிலரசியின் எண்.

எடுக்கத்தான் வேண்டும்.

"சொல் அம்மா... ஆமாம்... பேருந்தில்... என்ன? ... அம்மா, கேட்கவில்லை. நீ சொல்வது ஒன்றுமே கேட்கவில்லை. ஒரே இரைச்சல். வண்டி இரைச்சல்."

...

உஷ். இன்னும் வைக்கவில்லை அவள். பேசுகிறாள்.

...

அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "சார், வரமுடியலன்னா பரவால்ல. துணைத்தலைவரு பக்கத்துலதான் நிக்கிறாரு. கயித்த அவ கையில குடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போனை அவருகிட்ட குடுக்கிறேன்" என்றாள். அதற்குத்தான் நான் இரைச்சல் என்றேன்.

பிறகு, ஊருக்கே கேட்கும்படி உரத்த குரலில் சொன்னாள்: "சரிங்க சார். ரொம்ப சந்தோசம் சார். நீங்க சொன்ன மாதிரியே செய்யறேன் சார்."

நான் ஒன்றுமே சொல்லவில்லை, ஐயா!

பிறகு யாரிடமோ சொன்னாள்: "சார் என்னையே ஏத்தச் சொல்லிட்டாரு. டாக்டர் சார், கயித்தக் குடுங்க." யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். மாட்டு டாக்டர், "நீங்கதானே தலைவர்? இந்தாங்க மேடம்" என்றார். அவ்வளவு எளிதாக. அவருக்கு ஊர் தெரியாதல்லவா? அதற்குப் பிறகு கம்பத்து உருளை கிறீச்சிட்டது. எண்ணெய் போடச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு கைதட்டல். எங்கோ தொலைவில் ஒற்றை ஆள் தட்டுவது போல. அது புளியமரத்தின் பக்கமிருந்து வந்திருக்கவேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள்.

வண்டி புறப்பட்டுவிட்டது. நல்லவேளை.

இல்லை. நல்லவேளை இல்லை. மறுபடியும் அழைப்பு. துரைக்கண்ணு.

எதற்கு அழைக்கிறார் என்று தங்களுக்கும் தெரியும். இல்லை என்று நான் சொன்னால் நூறு பேர் நடுவே அவள் பொய்க்காரி. கட்டிய புதுப்புடவையோடு, அவள் அப்பாவின் கண்ணெதிரே. நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல். என்னுடைய சட்டையில் கொடி வேறு குத்தியிருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மகன் வீட்டுக்கு இன்னும் தளம் போடவில்லை, ஐயா.

"ஏகாம்பரம் பேசுகிறேன்... ஆமாம்... ஆமாம், நான்தான் சொன்னேன்... அவள் பொய் சொல்லவில்லை. அவர்... தலைவர்தான் ஏற்றவேண்டும் என்று நான்தான் சொன்னேன்... வழியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம். சரி. வணக்கம்."

வைத்துவிட்டேன்.

வேண்டாம், ஐயா. தயவுசெய்து கை கொடுக்காதீர்கள். தாங்கள் முதலிலிருந்து இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளைக்கு ஊரில் பேசிக்கொள்வார்கள், வாத்தியார் நெஞ்சுரத்தோடு கயிற்றைக் காலனிப் பெண்ணுக்குக் கொடுத்தார் என்று. சிலர் திட்டுவார்கள், சிலர் புகழ்வார்கள். காலனியிலிருந்து யாராவது மாலையோடும் வரக்கூடும். அவர் தந்தை வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். அவரை எங்கே உட்காரவைப்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எழிலரசி மட்டும் எதுவும் சொல்லமாட்டார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, "ரொம்ப நன்றி சார்" என்பார். அவருக்குத் தெரியும். தங்களுக்கும் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின்கூட ஓடவில்லை. கடைசிப் பையன் சொன்ன ரகரம்வரை எனக்குக் கேட்டது.